நர்சிங் படிக்கும் பிள்ளைகளுக்கு உதவித்தொகை: முதலாண்டுக் கட்டணம் மட்டும் போதாது



சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து நமது டிரஸ்ட் அலுவலகத்தைத் திறந்தபோது வாசலில் ஒரு தாயும் மகளும் நின்றிருந்தார்கள். தாய் பீடி சுற்றுகிறவர். மகள் ஜி.என்.எம். நர்சிங் முதலாண்டை நல்ல மதிப்பெண்ணுடன் முடித்திருந்தார். இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தை மாத இறுதிக்குள் கட்ட வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள்.

"செக்ரட்டரி பாய், போன வருஷம் சங்கிலியை வித்துக் கட்டினோம். நீங்களும் குடுத்தீங்க. இப்போ விக்கிறதுக்கு வீட்டுல ஒண்ணும் இல்லை" என்றார் அந்தத் தாய்.

நான் அந்தப் பிள்ளையிடம் சில கேள்விகள் கேட்டேன். ஆறாம் வகுப்பிலிருந்து எங்கே படித்தாய்? "கவர்மென்ட் ஸ்கூல்தான் மாமா." புதுமைப்பெண் பணம் வருகிறதா? "அது காலேஜ்ல ஆர்ட்ஸ் படிக்கிறவங்களுக்குன்னு சொன்னாங்க." உம்மாவுக்குப் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை உண்டா? அட்டை இருந்தது. அதைக் காட்டிப் பிள்ளையின் படிப்புக்கு உதவி கேட்கலாம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

இதில் டிரஸ்டின் தவறும் உண்டு. முதலாண்டில் அந்தப் பிள்ளைக்குக் காசோலை கொடுத்தபோது நாங்கள் ரசீதில் கையெழுத்து வாங்கினோம், படம் எடுத்தோம். இந்தக் கேள்விகளை மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஓராண்டு உதவி வீணாகியிருக்காது. நல்லோர் சிலரின் கடனுதவியால் அந்தப் பிள்ளை இப்போது தொடர்ந்து படிக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் கடைசி நேரத்தில் ஆள் கிடைப்பதில்லை. அதற்காகவே இந்தப் பாடம்.

நம் பிள்ளைகளில் பலர் முதலாண்டில் நின்றுவிடுவதில்லை. அந்தப் பணத்தை நகையை விற்றாவது, கைமாற்று வாங்கியாவது எப்படியோ திரட்டிவிடுகிறோம். படிப்பு உடைவது இரண்டாம் ஆண்டில். ஆகவே உதவி தேடுகிறவர்கள் படிப்பின் முழுக் காலத்துக்கும் சேர்த்துத் தேட வேண்டும். அதுவும் பிளஸ் டூ தேர்வுக்கு முன்பே தொடங்க வேண்டும்.

1. முதலில் படிப்பையும் கல்லூரியையும் சரிபாருங்கள்

உதவித்தொகைக்கு விண்ணப்பம் தேடும் முன், சேரப்போவது அங்கீகாரம் உள்ள படிப்பா என்று பாருங்கள். அங்கீகாரம் இல்லாத இடத்தில் சேர்ந்தால் அரசின் உதவித்தொகை எதுவும் கிடைக்காது. படிப்பு முடிந்தபின் நர்ஸ் என்று பதிவு செய்யவும் முடியாது.

செவிலியர் படிப்பு மூன்று படிகளில் உள்ளது. ஏ.என்.எம். 2 ஆண்டு, இது பெண்களுக்கு மட்டும். கிராம சுகாதார செவிலியர் பணிக்கு அடிப்படை இதுவே. ஜி.என்.எம். 3 ஆண்டு டிப்ளமோ. பி.எஸ்.சி. நர்சிங் 4 ஆண்டுப் பட்டம். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். ஜி.என்.எம்., பி.எஸ்.சி. இரண்டிலும் ஆண்பிள்ளைகளும் சேரலாம். பட்டத்துக்கு இப்போது வழியில்லை என்றால் மனம் தளர வேண்டாம். ஜி.என்.எம். முடித்துப் பதிவு செய்தவர்கள் பின்னர் 2 ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்.சி. படித்துப் பட்டம் பெறலாம்.

இந்த மூன்றுக்கும் வெளியே, "ஆறு மாத நர்சிங்", "ஒரு வருட நர்சிங் டிப்ளமோ", "நர்சிங் அசிஸ்டென்ட்" என்று சுவரொட்டிகள் நிறையக் காண்கிறோம். இவற்றைப் படித்தவர்கள் மருத்துவமனையில் உதவியாளராக வேலை பார்க்கலாம். ஆனால் பதிவு பெற்ற நர்ஸ் ஆக முடியாது. வளைகுடா நாடுகளில் நர்ஸ் வேலைக்கும் பதிவுச் சான்று வேண்டும். "சேர்ந்தால் போதும், ஸ்காலர்ஷிப் நாங்கள் வாங்கித் தருகிறோம்" என்று சொல்லி இத்தகைய படிப்புகளில் சேர்த்துவிடும் இடைத்தரகர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

சரிபார்க்க மூன்று இடங்கள் உள்ளன. இந்திய நர்சிங் கவுன்சில் தன் இணையதளத்தில் கல்லூரிகளின் பட்டியலை வெளியிடுகிறது. தமிழ்நாட்டில் பதிவு செய்வது தமிழ்நாடு செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் கவுன்சில். பி.எஸ்.சி. என்றால் பெரும்பாலான கல்லூரிகள் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இருக்கும்; அதையும் பாருங்கள். கல்லூரிக்காரர்கள் காட்டும் கடிதத்தைப் பார்த்ததோடு நிறுத்திக்கொள்ளாமல், நீங்களே பட்டியலில் பெயரைத் தேடுங்கள்.

இன்னொன்று. அரசுக் கல்லூரிகளிலும் அரசு மருத்துவமனைகளோடு சேர்ந்த நர்சிங் பள்ளிகளிலும் கட்டணம் மிகக் குறைவு. அங்கே ஓர் இடம் கிடைப்பது எந்த உதவித்தொகையையும் விடப் பெரியது. மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு ஆண்டுதோறும் இதற்கு விண்ணப்பம் அழைக்கிறது. அதைத் தவறவிட்டுவிட்டுத் தனியார் கல்லூரிக்கு நன்கொடை தேடுவது, கிணறு இருக்கத் தண்ணீரை விலைக்கு வாங்குவது போல.

2. பிளஸ் டூவில் இருக்கும்போதே காகிதங்களைச் சேருங்கள்

நம் பிள்ளைகளின் விண்ணப்பங்கள் திரும்பி வருவதற்குத் தகுதிக் குறைவு மட்டும் காரணமல்ல. நான் பார்த்தவரை காகிதக் குறைவே பெரும் காரணம்.

முதலாவது, பெயர். பாத்திமா, முகம்மது, பீவி, பேகம் ஆகிய நம் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறோம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், வங்கிப் புத்தகத்தில் இன்னொரு விதம். ஓர் எழுத்து மாறினாலும் கணினி ஏற்பதில்லை. மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி ஆதாரையும் வங்கிக் கணக்கையும் இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். பிறந்த தேதியையும் இனிஷியலையும் ஒத்துப் பாருங்கள்.

இரண்டாவது, சாதிச் சான்று. லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), அன்சார், தக்னி முஸ்லிம், தூதேகுலா, மாப்பிள்ளா, ஷேக், சையத் ஆகிய பிரிவினர் பிற்படுத்தப்பட்டோர் (முஸ்லிம்) பட்டியலில் வருகிறார்கள். இவர்களுக்குத் தமிழ்நாட்டில் 2007 முதல் 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு உள்ளது. சான்றில் "முஸ்லிம்" என்று மட்டும் இருந்தால் போதாது. பிரிவின் பெயர் இருக்க வேண்டும்.

மூன்றாவது, வருமானச் சான்று. இது ஓராண்டுக்கே செல்லும். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். இத்துடன் இருப்பிடச் சான்று, குடும்பத்தில் பட்டதாரி யாரும் இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்று, தந்தை இல்லாத பிள்ளை என்றால் இறப்புச் சான்று, தாய் கைவிடப்பட்டவர் என்றால் அதற்கான சான்று ஆகியவற்றையும் எடுத்து வையுங்கள். இறப்புச் சான்று தவிர மற்றவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

நான்காவது, வங்கிக் கணக்கு. பிள்ளையின் பெயரிலேயே தனிக் கணக்கு வேண்டும். கணக்கில் ஆதார் எண் கொடுத்திருக்கிறோம் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். அரசின் பணம் நேரடியாக வருவதற்கு அந்தக் கணக்கு ஆதாருடன் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். வங்கிக்குச் சென்று, "அரசு மானியம் வரும்படி ஆதார் இணைப்பு ஆகியிருக்கிறதா?" என்று கேட்டு உறுதி செய்யுங்கள். பணம் ஒதுக்கப்பட்டும் கணக்குக்கு வராமல் திரும்பிப் போன பிள்ளைகள் நம் ஊரிலேயே உண்டு.

3. அரசிடம் உள்ள உரிமைகள்

புதுமைப்பெண்: 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம். 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்கு உயர்கல்வி முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். பின்னர் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. பட்டம் மட்டுமல்ல, டிப்ளமோவும் இதில் அடங்கும். வேறு உதவித்தொகை பெற்றாலும் இதையும் பெறலாம். ஆண்பிள்ளைகளுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டம் தொடங்கப்பட்டது. அதிலும் மாதம் 1,000 ரூபாய். விண்ணப்பம் கல்லூரி வழியாகவே போகும் என்பதால், சேர்ந்த முதல் மாதத்திலேயே கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள்.

பிற்படுத்தப்பட்டோர் நலத் துறை உதவித்தொகை: குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு உரியது. நம் கல்லூரியும் நம் படிப்பும் இதில் வருகின்றனவா என்பதைக் கல்லூரியிலும், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலரிடமும் கேளுங்கள். அரசு நடத்தும் மாணவியர் விடுதிகள் பற்றியும் அதே அலுவலகத்தில் விசாரிக்கலாம். தங்கும் செலவும் சாப்பாட்டுச் செலவும் மிச்சமானால் அதுவே பாதி உதவி.

முதல் பட்டதாரிச் சலுகை: ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்விப் பட்டப்படிப்பில் சேருவோருக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. பி.எஸ்.சி. நர்சிங் கலந்தாய்வுக்குச் செல்லும்போதே சான்றைக் கையில் கொண்டுபோய்க் கேளுங்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டுப் பிறகு கேட்டுப் பயனில்லை.

மத்திய அரசின் சிறுபான்மையினர் உதவித்தொகை: பள்ளி மேற்படிப்பு உதவித்தொகைக்குக் குடும்ப வருமானம் 2 லட்சத்துக்குள்ளும், முந்தைய தேர்வில் 50 விழுக்காடு மதிப்பெண்ணும் என்பது விதி, மாணவியருக்கு 30 விழுக்காடு ஒதுக்கீடு. ஆனால் அண்மை ஆண்டுகளில் இந்தத் திட்டம் ஒழுங்காகத் திறக்கப்படவில்லை. ஆகவே தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிவு எண் எடுத்து வைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இதை மட்டும் நம்பிக் கல்லூரியில் சேர்ந்துவிடாதீர்கள்.

அந்த இணையதளத்தில் விண்ணப்பித்தவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. நாம் அனுப்பிய விண்ணப்பத்தைக் கல்லூரியின் பொறுப்பு அலுவலர் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். அவர் அனுப்பாவிட்டால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். வாரம் ஒருமுறை நிலையைப் பாருங்கள். குறை என்று திரும்பி வந்தால் கடைசி நாளுக்குள் திருத்தி மீண்டும் அனுப்புங்கள்.

இவற்றுக்கெல்லாம் அரசு கட்டணம் வாங்குவதில்லை. "பாதி பணம் எனக்கு" என்று வருகிறவரிடம் ஆதாரையும் ஓ.டி.பி. எண்ணையும் கொடுத்துவிடாதீர்கள்.

4. பெற்றோரின் தொழில் வழியாக வரும் உதவி

நம் மக்களில் அதிகம் பேர் தவறவிடுவது இதைத்தான்.

பீடித் தொழிலாளர் அட்டை உள்ளவர்களின் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் அமைச்சகம் உதவித்தொகை வழங்குகிறது. வகுப்பையும் படிப்பையும் பொறுத்து ஆண்டுக்கு 1,000 முதல் 25,000 ரூபாய் வரை. விண்ணப்பம் தேசிய உதவித்தொகை இணையதளத்திலேயே. நம் வீடுகளில் பலர் ஆண்டுக்கணக்காகப் பீடி சுற்றுகிறார்கள். அட்டை எடுத்தவர்கள் சிலரே. முதலில் அட்டை எடுங்கள்.

பள்ளிவாசல் இமாம், முஅத்தின், மத்ரஸா உஸ்தாத், தர்கா மற்றும் அடக்கஸ்தலப் பணியாளர்கள் ஆகியோருக்குத் தமிழ்நாடு அரசின் உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியம் உள்ளது. உறுப்பினரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டு. நமக்கு இமாமத் செய்கிறவரின் மகள் கட்டணத்துக்குத் தவிப்பதும், அவர் வாரியத்தில் சேராமல் இருப்பதும் ஜமாஅத்துக்கு அழகல்ல. நிர்வாகிகள் தாமே முன்வந்து பதிவு செய்து கொடுக்க வேண்டும்.

கட்டுமானத் தொழிலாளர், தையல் தொழிலாளர், ஆட்டோ ஓட்டுநர் ஆகியோருக்கும் தனித்தனி நல வாரியங்கள் உள்ளன. அங்கும் உறுப்பினரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டு. பதிவைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் உதவி கிடைக்காது. வீட்டில் உள்ள அட்டையின் தேதியை இன்றே பாருங்கள்.

5. சமுதாயத்தின் பணம்

அரசு வழிகளைத் தேடியபின் மீதமுள்ள பள்ளத்தை நிரப்புவதே ஜக்காத்தும் ஸதக்காவும் செய்ய வேண்டிய வேலை. ஏழை மாணவி ஜக்காத் பெறத் தகுதியுடையவர்களில் ஒருவர். அவரைக் குறுகச் செய்து கொடுக்க வேண்டாம். மேடையும் வேண்டாம், படமும் வேண்டாம். ஜக்காத் பெறுபவருக்கே உரிமையாக வேண்டும் என்பதால், பணத்தை மாணவியிடமே கொடுப்பது நல்லது. கல்லூரிக்கு நேரடியாகக் கட்டுவதென்றால் அவருடைய சம்மதத்தோடு, அவர் சார்பாகக் கட்ட வேண்டும். சையத் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஜக்காத் அல்லாத நிதியிலிருந்து அன்பளிப்பாகக் கொடுக்கலாம். சந்தேகம் உள்ள இடங்களில் உங்கள் மத்ஹபின் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வங்கிக் கல்விக் கடன் பற்றியும் கேட்கிறார்கள். அதில் வட்டி இருக்கிறது. ஆகவே அதற்கு முன்பே கர்ழே ஹஸனாவை நாம் வலுப்படுத்த வேண்டும். நர்சிங் முடித்த பிள்ளை வேலைக்குப் போனதும் சிறு தவணையாகத் திருப்பித் தர முடியும். அந்தப் பணம் அடுத்த பிள்ளைக்குப் போகும். ஒருமுறை கொடுத்த தொகை இப்படிப் பல பிள்ளைகளைப் படிக்க வைக்கும்.

6. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஜி.என்.எம். படிப்புக்குக் கட்டணம், விடுதி, சீருடை, புத்தகம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 70,000 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். உங்கள் கல்லூரியின் உண்மைத் தொகையை எழுத்தில் வாங்கி இதே போல் போடுங்கள்.

மூன்றாண்டுச் செலவு: 2,10,000.
புதுமைப்பெண், மூன்றாண்டுக்கு: 36,000.
குடும்பம் மாதம் 1,500 சேர்த்தால், மூன்றாண்டுக்கு: 54,000.
மீதம்: 1,20,000. அதாவது ஆண்டுக்கு 40,000.

இரண்டு லட்சம் என்று கேட்டபோது மலைபோல் தெரிந்தது, இப்போது ஆண்டுக்கு 40,000 ஆகிவிட்டது. நான்கு பேர் ஆண்டுக்கு 10,000 வீதம் மூன்றாண்டுக்குப் பொறுப்பேற்றால் படிப்பு முடிந்துவிடும். அவர்களில் ஒருவர் டிரஸ்ட், ஒருவர் ஊரில் கடை வைத்திருப்பவர், ஒருவர் சவூதியில் இருக்கும் மாமன் என்று இருக்கலாம். துறை உதவித்தொகையோ வாரிய உதவியோ வந்தால் சுமை இன்னும் குறையும். ஆனால் அது வங்கிக்கு வந்து சேரும் வரை கணக்கில் சேர்க்காதீர்கள்.

கொடுப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதலாண்டில் ஒரே பிள்ளைக்கு 30,000 கொடுத்து விட்டுவிடுவதைவிட, மூன்றாண்டும் 10,000 வீதம் தருவதாக வாக்களியுங்கள். பிள்ளைக்கும் மனம் நிம்மதியாக இருக்கும்.

7. எப்போது என்ன செய்வது

பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வுக்குள்: பெயர்த் திருத்தம், ஆதார், வங்கிக் கணக்கு, சாதிச் சான்று.

ரமலானுக்கு முன்: ரமலான் இப்போது கல்லூரிக் கட்டண காலத்துக்கு வெகு முன்பே வருகிறது. ஜக்காத் கேட்பவர்கள் கட்டண ரசீது வந்தபின் வந்தால் நிதி தீர்ந்திருக்கும். ஆகவே இரண்டாம், மூன்றாம் ஆண்டு படிப்பவர்களும், இவ்வாண்டு சேர இருப்பவர்களும் ஷஃபான் மாதத்திலேயே டிரஸ்டில் பெயர் கொடுங்கள்.

பிளஸ் டூ முடிவு வந்ததும்: புதிய வருமானச் சான்று எடுங்கள், தேர்வுக் குழுவின் அறிவிப்பைப் பார்த்து அரசு இடங்களுக்கு விண்ணப்பியுங்கள். தனியார் கல்லூரிக்கு முன்பணம் கட்டும் முன் அங்கீகாரத்தைச் சரிபாருங்கள்.

கல்லூரியில் சேர்ந்த முதல் மாதம்: படிக்கும் சான்று வாங்கி எல்லா விண்ணப்பங்களையும் அனுப்புங்கள். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

பெற்றோரிடம் ஒரு வார்த்தை

"இரவு டியூட்டி, வேற்று ஆண்களைத் தொட்டுப் பார்க்கும் வேலை, நம் பிள்ளைக்கு எதற்கு?" என்று தயங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிலர் அதை வெளியே சொல்லாமல், பணம் இல்லை என்று சொல்லிப் படிப்பை நிறுத்திவிடுகிறார்கள். மதீனாவில் காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்த ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரம் மஸ்ஜிதுந் நபவியிலேயே இருந்தது என்றும், அகழ்ப் போரில் காயமடைந்த ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் அங்கே பராமரிக்கப்பட்டார்கள் என்றும் வரலாற்றில் காண்கிறோம். நம் வீட்டுப் பெண்கள் பிரசவத்துக்குப் போகும்போது பெண் நர்ஸ் வேண்டும் என்று கேட்கிறோம். யாரோ ஒருவர் தம் மகளைப் படிக்க வைத்தால்தானே அந்த நர்ஸ் கிடைப்பார்?

மேலே சொன்ன தாயின் மகளுக்கு இப்போது மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பீடித் தொழிலாளர் உதவிக்கும் விண்ணப்பம் போயிருக்கிறது. போன மாதம் சீருடையோடு அலுவலகத்துக்கு வந்து, "மாமா, என் கூடப் படிக்கிற ரெண்டு பேருக்கும் ஃபாரம் வேணும்" என்று கேட்டார். ஒருவர் முஸ்லிம், ஒருவர் முஸ்லிம் அல்லாதவர். இருவருக்கும் வழி சொல்லி அனுப்பினோம்.

இனி நமது டிரஸ்டில் உதவி கேட்டு வரும் ஒவ்வொரு மாணவ மாணவியிடமும் மேலே உள்ள கேள்விகளைக் கேட்ட பிறகே தொகை முடிவு செய்யப்படும். விண்ணப்பம் நிரப்ப உதவி வேண்டுவோர் ஞாயிறுதோறும் அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு வரலாம். கணினி தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள் வாரம் இரண்டு மணி நேரம் தந்தால் அதுவும் ஒரு ஸதக்காதான்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியைப் பயனுள்ளதாக்கி, அவர்கள் கைகளால் நோயாளிகளுக்கு ஆறுதலைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்